என் தோட்டுல ஏது கல்லு?

போன ஐப்பசியில் ஒரு நாள். விட்டு விட்டு மழை. சம்பாவுக்குப் பயிர் இன்சூரன்ஸ் கட்டக் கடைசி வாரம் என்பதால் என் கடையில் நிற்க இடமில்லை. ஜெராக்ஸ் மெஷின் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் பாலிதீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். அந்த நெரிசலில் கோடித் தெருப் பெரியம்மா குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முகமே சரியில்லை.

"என்ன பெரியம்மா?"

"பேங்குல என் தோட்டை மாத்திப்புட்டாங்க பாப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின வருஷம் நடவுச் செலவுக்காக ஒரு ஜோடித் தோட்டையும் ஒரு செயினையும் வங்கியில் வைத்திருந்தார். ஒரு வருஷத் தவணை முடியப்போகிறது. வட்டியைக் கட்டி மாற்றி வைக்கத்தான் காலையில் போனார். ரசீதுக்கும் பணத்துக்கும் ஒன்றும் குறைச்சலில்லை. கையில் சுருட்டி வைத்திருந்த நோட்டுகள் மழையில் நனைந்திருந்தன.

"அந்தத் தம்பி கல்லு கல்லுங்கறான். என் தோட்டுல ஏது கல்லு? கெட்டித் தோடு பாப்பா, எங்கம்மா போட்டது. வச்ச அன்னைக்கு அவங்க ஆளுதானே உரசிப் பார்த்தாரு? இப்ப கல்லுங்கறான்னா வேற எதையோல்ல எடுத்து வச்சிருக்கான்?"

நகைக்கடன் வாங்கியவர்களுக்கு இந்தப் பயம் புரியும். கல் வைத்த நகை என்றால் கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் மதிப்புப் போடுவார்கள். அதனால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் 'கல்' என்று ஒரு வார்த்தை சொன்னால் காதில் விழுவது அந்தக் கல்தான். அவர் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறார். அந்தப் பையனும் இரண்டு மூன்று தடவை அதையே, கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கிறான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் "தள்ளும்மா" என்றிருக்கிறார்கள்.

"வேற என்ன சொன்னான் பெரியம்மா? யோசிச்சுப் பாருங்க."

"கல்லு ஆயியோ என்னவோ சொன்னான். என்னைய ஆயின்னு கூப்புடுறானா, என்ன எழவுன்னு புரியல."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. 'கல் ஆயியே.' இந்தியில், நாளைக்கு வாங்க. அவ்வளவுதான் அவன் சொன்னது. நகையை உரசிப் பார்க்கும் அப்ரைசர் அன்றைக்கு லீவு. அப்ரைசர் இல்லாமல் மாற்றி வைக்க முடியாது, அதனால் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறான்.

இதைச் சொன்னவுடன் பெரியம்மா சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அறுபத்தெட்டு வயது மனுஷி, தன் ஊர் வங்கியில் தன் நகைக்காகப் போய், ஒரு மணி நேரம் திருடு போன தவிப்போடு மழையில் நடந்து வந்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தை யார் திருப்பித் தர முடியும்?

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனும் பரீட்சை எழுதி வந்தவன்தான். கிளார்க் வேலைக்கு உள்ளூர் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதிகாரி வேலையென்றால் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். ஆள் பற்றாத கிளையில் அந்த அதிகாரியே கவுண்டரிலும் உட்காருவார். ஊர் பேர் தெரியாத காவிரிக் கரையில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, இந்த ஊர்ப் பேச்சில் பத்து வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்காமல் விட்டார்களே, என் கோபமெல்லாம் அவர்கள் மேல்தான். 'நாளைக்கு' என்று ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு 'கல்' என்றால் நாளை என்று எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சின்ன வயதில் இந்தி படித்தேன். தட்சிண பாரத இந்தி பிரசார சபா 1918-லிருந்து இங்கே இருக்கிறது. அது நடத்தும் பிராத்மிக், மத்யமா பரீட்சைகளை டெல்டாவிலும் பிள்ளைகள் எழுதுகிறார்கள், யாரும் தடுத்ததில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர் சாயங்காலம் சொல்லிக் கொடுத்தார். தோழிகள் போனார்கள், நானும் போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஃபீஸ் கட்டிச் சேர்த்துவிட்டது என் அப்பா.

அந்த அப்பா யார் தெரியுமா? 1965-ல் மாயவரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தபோது தார் டின்னைத் தூக்கிக்கொண்டு போய் போர்டில் இருந்த இந்தி எழுத்தை அழித்தவர். முழங்காலுக்குக் கீழே லத்தியடித் தழும்பு கடைசி வரை இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டும்போதெல்லாம் தெரியும். "நீங்கதானே எதிர்த்தீங்க, இப்ப என்னைச் சேர்த்து விடுறீங்களே?" என்று கேட்டேன். "நீ ஆசைப்பட்டுப் படிக்கிற. எங்களை கழுத்தைப் புடிச்சுல்ல தள்ளுனாங்க" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கியதில்லை.

அவர் எதற்காகத் தாரைத் தூக்கினார் என்பதைப் பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26-லிருந்து 15 வருஷம் ஆங்கிலம் இருக்கும், அதன் பிறகு ஒன்றிய அரசின் ஆட்சிமொழி இந்தி என்று ஏற்பாடு. அந்தக் கெடு முடிந்த நாள்தான் 1965 ஜனவரி 26. இந்தி பேசாதவர்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும் என்று 1959-ல் நேரு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் 1963-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றுதான் சொன்னது, 'தொடர வேண்டும்' என்று சொல்லவில்லை. தினமும் விண்ணப்பம் நிரப்புகிறவள் நான். 'இணைக்கலாம்' என்று போட்டிருந்தால் இல்லாமலும் தள்ளிவிடலாம். 'இணைக்க வேண்டும்' என்று இருந்தால் மனு திரும்பி வந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தக் கனத்தை இந்தப் பகுதி எப்படித் தாங்கியது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 1964 ஜனவரி 25-ல் திருச்சி ரயில் நிலையத்தில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்தார். மறு வருஷம் ஜனவரி 27-ல் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சிதம்பரத்தில் துப்பாக்கிச்சூடு. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் செத்துப்போனார். மார்ச் 15-ல் எங்கள் மாயவரத்திலேயே ஏ.வி.சி. கல்லூரி மாணவர் சாரங்கபாணி தீக்குளித்தார். அந்தப் பேரைச் சொல்லும்போது அப்பாவின் குரல் இறங்கிவிடும். அவருக்கும் சாரங்கபாணிக்கும் இரண்டு மூன்று வயதுதான் வித்தியாசம் இருக்கும். இனி எந்த வீட்டுப் பிள்ளையும் அப்படிப் போகக்கூடாது. ஒரு மொழிக்காகப் பிள்ளைகள் தங்களையே கொளுத்திக்கொள்ளும் இடம் வரை ஒரு அரசு காது கொடுக்காமல் இருந்ததே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் 1967-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1968 ஜனவரி 23-ல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. 1976-ல் ஒன்றிய அரசு போட்ட ஆட்சிமொழி விதிகளில், இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறது. 'தமிழ்நாடு நீங்கலாக' என்ற அந்த இரண்டு சொல்லில் அப்பாவின் தழும்புக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

பலருக்கு இது 1965-ல் தொடங்கிய கதை. இல்லை. நான் குத்தாலத்தில் கடை வைத்திருக்கிறேன். இங்கிருந்து மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினால் மூவலூரைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த ஊர்ப் பேரைத் தாங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1938-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, திருச்சியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய தமிழர் படையோடு நடந்தார். ஆகஸ்ட் 1-ல் கிளம்பி செப்டம்பர் 11-ல் போய்ச் சேர்ந்தார்கள். 42 நாள். அப்போது அம்மையாருக்கு 55 வயது. அதற்கு முன்பே தேவதாசி முறையை ஒழிக்க ஊர் ஊராகப் பேசி, கல்லடி சொல்லடி எல்லாம் வாங்கியவர். அந்தப் படையை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. மறியல் செய்து கைதாகி, 1939 மார்ச்சில் உயிரைவிட்ட தாளமுத்து கும்பகோணத்துக்காரர். அவருக்கு முன்னால் ஜனவரியில் இறந்தவர் சென்னை நடராசன். இரண்டு பேர் பெயரையும் சேர்த்து எழும்பூரில் ஒரு மாளிகை இருக்கிறது. 1940 பிப்ரவரியில் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள்.

கல்லூரியில் சேர்ந்த பெண் பிள்ளைகள் என் கடைக்கு மாதம் 1,000 ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டத்துக்காகச் சான்றிதழ் ஸ்கேன் பண்ண வருவார்கள். அதன் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். "யாருக்கா இவங்க?" என்று ஒருத்தியாவது கேட்பாள். நான் மெஷினை நிறுத்திவிட்டுச் சொல்வேன். "நம்ம மூவலூரா!" என்பார்கள். கண் விரியும்.

அதே மேஜையில்தான் இன்னொரு விண்ணப்பமும் நிரப்புகிறேன். பிரதான் மந்திரி ஃபசல் பீமா யோஜனா. 2016-லிருந்து நிரப்புகிறேன், இத்தனை வருஷத்தில் ஒரு விவசாயிகூட அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. 'பயிர் இன்சூரன்ஸ்' என்பார்கள். ஃபசல் என்றால் விளைச்சல், பீமா என்றால் காப்பீடு. தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் தமிழாகிவிடுமா? வெள்ளத்தில் மூழ்கிய நாலு மா நிலத்துக்கு நஷ்டம் கேட்கப் போகிறவர், தான் எதைக் கேட்கிறோம் என்பதையே வாயில் நுழையாத பெயரால் கேட்க வேண்டியிருக்கிறது. இன்சூரன்ஸும் வெளிச்சொல்தானே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சொல் ஜனங்கள் வாயில் புழங்கித் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஆங்கிலம் இங்கே யாருக்கும் தாய்மொழி கிடையாது. பீகார்க்காரருக்கும் எனக்கும் அது ஒரே தூரத்தில் இருக்கிறது.

பீகார் என்றதும் நினைவுக்கு வருகிறது. சில வருஷமாக எங்கள் பக்கம் நடவுக்கு அங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ரீசார்ஜ் பண்ணவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் என் கடைக்கு வருவார்கள். வந்த பத்தாம் நாள் "அக்கா, இருநூறு" என்பார்கள். நாத்து, முடிச்சு, வரப்பு, டீ எல்லாம் வந்துவிடும். நானும் பிராத்மிக்கில் படித்து மறந்த இந்தியைத் தூசி தட்டி ஊரில் பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்பேன். அவர்களோடு இந்தி பேசுவதில் எனக்குச் சந்தோஷம்தான்.

"நீயே இவ்வளவு பேசுறியே, எல்லாரும் படிச்சுட்டாத்தான் என்ன?" என்று என் சித்தப்பா மகன் கேட்டான். பெங்களூரில் இருக்கிறான், அவனுக்கு அங்கே உதவுகிறது. சரி. ஆனால் கோடித் தெருப் பெரியம்மா எப்போது படிப்பார்? வங்கிக்கு வேலைக்கு வருகிற ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டிய பத்து வார்த்தைக்காக இந்த ஊரே ஒரு மொழியைக் கற்க வேண்டுமா? அவனிடம் இதைத்தான் கேட்டேன். போனை வைத்த பிறகும் மனசு ஆறவில்லை.

மறுநாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பெரியம்மாவோடு போனேன். அப்ரைசர் வந்திருந்தார். பையை எடுத்துவந்து பிரித்ததும் பெரியம்மா தோட்டை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். திருகாணியைத் திருப்பிப் பார்த்தார். அவர் அம்மா காலத்து நெளிவு அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் தராசில் வைக்கக் கொடுத்தார்.

நான் மேலாளரைப் பார்த்தேன். பணம் கட்டும் சீட்டு, கணக்குத் தொடங்கும் படிவம் எல்லாம் இந்தி, ஆங்கிலம், உள்ளூர் மொழி என மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது, இங்கே கவுண்டரில் தமிழில் ஒரு சீட்டுக்கூட இல்லையே என்று கேட்டேன். ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்றார். எழுதிக் கொடுத்தேன். நகைக்கடன் கவுண்டரில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதி, நகலில் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். பத்து நாளில் தமிழ்ச் சீட்டுக் கட்டு வந்தது. ஆள் வரவில்லை. இரண்டாவது மனுவும் கொடுத்திருக்கிறேன்.

கிளம்பும்போது அந்தப் பையனிடம் போய், தமிழில் நாளைக்கு என்று சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். முந்தின நாள் நடந்ததையும் சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து நின்று பெரியம்மாவைப் பார்த்துக் கைகூப்பினான். "நாலைக்கு" என்றான். "நாளைக்கு" என்று பெரியம்மா திருத்தினார். ளகரத்துக்கு நாக்கு மடியவில்லை. இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அடுத்த தவணை வருகிற ஐப்பசி 20. கடை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.