நாலு கையெழுத்தும் ஓர் ஓட்டு வீடும்

செப்டம்பர் 8, 2024

பழைய வீட்டை வாங்கி, சரி பண்ணி விற்கும் தொழிலில் இறங்குவது என்று வீட்டில் பேசி முடிவாகிவிட்டது. கையில் இருப்பது 26 லட்சம். அதற்குமேல் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கக் கூடாது என்பது மனைவி போட்ட நிபந்தனை.

இன்று தரகர் செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டைக் காட்டினார். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடந்துகொண்டே போய் அடுத்த தெருவில் வெளியே வந்தோம். இருபதுக்கு மேல் பங்கு. பாதிப் பேர் வெளிநாட்டில். "கையெழுத்தெல்லாம் நான் வாங்கித் தர்றேன். இடிச்சு மரத்தை மட்டும் வித்தாலே போட்ட காசு வந்துரும் சார்" என்றார்.

திரும்பும்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு வழியாக வந்தேன். பழைய பொருள் கடைகளில் பர்மா தேக்குத் தூண்கள் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. ஒரு நிலைக்கதவில் மஞ்சளும் குங்குமமும் இன்னும் போகவில்லை. என்னால் அந்த வேலை ஆகாது. தரகரிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 29

கோட்டையூரில் ஓர் ஓட்டு வீடு. சின்னது. திண்ணை, கூடம், முற்றம், இரண்டு அறை, பின்னால் கிணறு. ஓர் ஆச்சி மட்டும் தனியாக இருக்கிறார். விலை 18 லட்சம் என்று படிந்தது.

பட்டா ஆச்சியின் மூத்த அண்ணன் பேரில் இருக்கிறது. "அவர் ஒருத்தர் கையெழுத்துப் போதும்" என்கிறார் தரகர். போதாது. பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு, உரிமைக்கு அது மட்டும் ஆதாரமாகாது. தாய்ப்பத்திரம், அதாவது வீட்டின் மூலப் பத்திரம், ஆச்சியின் அப்பா பேரில். அவர் உயில் எழுதாமல் காலமானவர். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சம்பாதித்த சொத்தில் மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. அம்மாவும் இல்லை. ஆக மூன்று அண்ணன் தம்பிகளும் ஆச்சியும், நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆச்சியிடமே சொன்னேன். "என்னையுமா தம்பி கேப்பாக?" என்றார். பத்திரத்தில் அவர் பெயர் வராமல் நான் வாங்கமாட்டேன் என்றேன். உள்ளே போய் மோர் கொண்டுவந்தார்.

அக்டோபர் 20

வில்லங்கச் சான்று, அதாவது வீட்டின்மேல் பதிவான பத்திரம், அடமானம் எல்லாம் காட்டும் சான்று, எடுத்தாகிவிட்டது. 1975 முதல் இணையத்தில் கிடைத்தது, அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுக் கொடுத்தேன். அடமானம் எதுவும் இல்லை.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, ஆக 1,62,000. தரகு 36,000. வக்கீல், பத்திர எழுத்துக்கு 12,000. ஓர் ஓட்டைக்கூடத் தொடாமல் 20 லட்சத்து 10 ஆயிரம் ஆகிறது. புதிதாக வருகிற பலர் விலையையும் வேலைச் செலவையும் மட்டும் கூட்டுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் கூட்டினேன்.

டிசம்பர் 11

ஆச்சியின் கடைசித் தம்பி மலேசியாவில். தனக்காக இங்கே இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். நாளையே மாவட்டப் பதிவாளர் அலுவலகம் போகிறேன். மார்கழி பிறக்கப் போகிறது, பத்திரம் தையில்தான்.

ஜனவரி 27, 2025

பதிவு முடிந்தது. நாலு கையெழுத்தும் விழுந்தன. ஆச்சி தன் பங்குப் பணத்தைத் தன் கணக்கில் போடச் சொல்லி வங்கிப் புத்தகத்தைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார்.

பிப்ரவரி 19

கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. முன்பு யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். கொத்தனார் உளியால் லேசாகத் தட்டினார், ஒரு முறம் அகலத்துக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பழைய சுண்ணாம்புச் சுவர். கை வைத்தால் ஈரம். "சுண்ணாம்புச் செவரு ஈரத்தைத் தானா வெளியே விட்டுரும். மேல சிமெண்டப் பூசுனா அது எங்க போகும்?" என்றார். அவ்வளவையும் கொத்திவிட்டுச் சுண்ணாம்பிலேயே பூசுகிறோம். நாளும் கூலியும் கூடும், ஆனால் அடுத்த மழைக்குச் சுவர் நிற்கும்.

மார்ச் 9

கூடத்துத் தரையில் முப்பது ஆத்தங்குடிப் பூக்கல் உடைந்திருக்கிறது. ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆத்தங்குடி போனேன். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதன் பூக்கட்டங்களுக்குள் சிவப்பு, மஞ்சள், பச்சைச் சாந்தை ஒவ்வொன்றாக ஊற்றுகிறார்கள். ஊற்றுகிறவர் அச்சைத் தூக்கும்போது மூச்சை அடக்குகிறார், ஒரு நிறம் இன்னொன்றில் கலப்பதில்லை. பிறகு சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, காயவிட்டு, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். அடுப்பும் சூளையும் கிடையாது. கண்ணாடி கழன்று வரும் பக்கம்தான் பளபளப்பு.

என் கல்லின் பூவுக்கு அங்கே அச்சு இருந்தது.

மே 18

வேலை முடிந்தது. ஓடு மாற்றி, மின்கம்பி இழுத்து, குளியலறை கட்டி 5,60,000. மொத்தம் 25 லட்சத்து 70 ஆயிரம்.

வீட்டை வாங்க முதலில் வந்தவர் 27 லட்சம் என்றார். பத்திரச் செலவு சேர்த்தால் அவருக்கே அது 29 லட்சத்து 43 ஆயிரம். அவர் போன வங்கியில், வயதான ஓட்டு வீட்டுக்குக் கடன் தர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். மனசு கொஞ்சம் விழுந்துவிட்டது. இந்த மாதிரி வீட்டுக்கு ரொக்கம் வைத்திருப்பவர்தான் வாங்குபவர் என்பதை வாங்குமுன்பே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஜூன் 22

இப்போது 27 லட்சத்துக்கு விற்றால் லாபம் 1,30,000 ரூபாயைத் தாண்டாது, அதற்கும் என் வருமானத்தோடு சேர்த்து வரி கட்ட வேண்டும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால ஆதாயம், வரி 12.5 சதவீதம். சரி, 2027 தை வரை வைத்திருப்போம் என்று முடிவு செய்தோம்.

காரைக்குடியில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் வாடகைக்கு வருகிறது. மாதம் 9,000. திண்ணையையும் முற்றத்தையும் பார்த்ததுமே பிடித்துப் போயிற்று. ஒன்றே ஒன்று கேட்டார்கள்: கைக்குழந்தை இருக்கிறது, கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டுத் தர வேண்டும். வெல்டரை நாளைக் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.