வலி எவ்வளவு என்று கேட்டார்கள், 4 என்றேன்

ஜெர்மனியில் டிரெஸ்டனுக்கு முதுகலை படிக்க வந்து ஏழாவது மாதம். ஒரு சனிக்கிழமை ராத்திரி தொப்புளைச் சுற்றி வலிக்க ஆரம்பித்தது. வாயுதான் என்று நினைத்து ஓமத்தைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன். விடியும்போது வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது, வாந்தி வேறு. ஞாயிற்றுக்கிழமை எந்த டாக்டரும் கிளினிக்கைத் திறக்க மாட்டார். 112 உயிருக்கு ஆபத்தென்றால் கூப்பிடுவது, அது தெரியும். கிளினிக் மூடியிருக்கும் நேரத்துக்கென்றே 116117 என்று ஒரு எண் இருப்பதை அறைத்தோழி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எடுத்தவர் வலி எங்கே தொடங்கி எங்கே போனது என்று கேட்டுவிட்டு, உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

டிராம் குலுங்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் கத்தி வைத்துத் திருகுவது போல இருந்தது.

அங்கே யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை, யாருக்கு அவசரமோ அவருக்குத்தான் முதலில். நர்ஸ் 1 முதல் 10 வரை வலிக்கு ஒரு எண் சொல்லச் சொன்னார். நான் 4 என்றேன். யார் கேட்டாலும் "பரவாயில்லை" என்று சொல்லியே வளர்ந்த வாய், அப்படித்தான் வந்தது. அந்த 4-ஐ வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நாற்காலியில் சுருண்டு கிடந்தேன், கடைசியில் தோழி போய் இவள் குறைத்துச் சொல்லிவிட்டாள், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, நிமிரவே முடியவில்லை என்று சொன்ன பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் வயிற்றை மெதுவாக அழுத்திச் சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியபோது இருந்ததைவிட எடுத்தபோதுதான் உயிர் போயிற்று. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அப்புறம் குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றே ஆபரேஷன் என்றார்கள். பக்கம் பக்கமாக ஒப்புதல் படிவம். மயக்க மருந்து டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் விளக்கிய பிறகே கையெழுத்துப் போட்டேன். மூன்று சிறு துளைகள் வழியாகவே முடித்துவிட்டார்கள்.

புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். செலவைப் பற்றித்தான் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. அரசுச் சட்டப்படியான மாணவர் காப்பீட்டுக்கு மாதாமாதம் 100 யூரோவுக்கு மேல் கட்டும்போதெல்லாம் வயிறெரிவேன், ஆனால் ஆபரேஷனுக்கு என் கையிலிருந்து போனது நாளுக்கு 10 யூரோ வீதம் 40 யூரோ மட்டும்.

அம்மாவிடம் வியாழக்கிழமைதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இப்ப நிஜமா எவ்வளவு வலிக்குது, சொல்லு" என்றாள். 6 என்றேன்.