ஒரே வீட்டில் இரண்டு சரித்திரப் பரீட்சை

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. ஒரு பக்கம் மகளின் அமெரிக்க வரலாற்றுப் புத்தகம், தலையணை கனத்தில். இன்னொரு பக்கம் என் கேள்வி-பதில் தாள்கள். அவளுக்கு மே 9-ல் ஏ.பி. அமெரிக்க வரலாறு, பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரித் தரத்தில் எழுதும் பரீட்சை. பிள்ளைகள் வாயில் அது ‘ஏபுஷ்’. எனக்கு மே 14-ல் குடியுரிமை நேர்காணல்.

இந்த 2025-ல் என் பரீட்சைக்கு மொத்தமே 100 கேள்வி. விடையோடு அச்சடித்து முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். அதிலிருந்து பத்து வரை கேட்பார்கள், ஆறு சொன்னால் போதும். எங்கள் ஊரில் வினாத்தாள் இப்படி வெளியே வந்திருந்தால் மறுதேர்வு வைத்திருப்பார்கள்.

அவளுக்கு மூன்றேகால் மணி நேரம். 55 நிமிடத்தில் 55 கொள்குறி வினா, மூன்று குறுவினா, ஏழு ஆவணங்களைப் படித்து ஒரு கட்டுரை, அப்புறம் சொந்தச் சரக்கில் இன்னொரு கட்டுரை.

வேடிக்கை என்னவென்றால், அவளுடைய குடியுரிமை இருப்பது என் ஆறு விடையில். 18 வயது ஆகாத, கிரீன் கார்டு உள்ள பிள்ளை, பெற்றவரோடு இங்கே வசித்தால், பெற்றவர் பிரமாணம் எடுக்கும்போது தானும் குடிமகளாகிவிடுகிறது. 2000-ல் வந்த சட்டம். இவளுக்கு இப்போது 16. “நல்லா படிப்பா” என்று என்னை மிரட்டுகிறாள்.

மே 4, ஞாயிறு

இன்று அவள் கேள்வி கேட்டாள், நான் பதில் சொன்னேன்.

“உள்நாட்டுப் போருக்குக் காரணமான ஒரு பிரச்சினையைச் சொல்லு.”

“மாநில உரிமை.”

தாளில் மூன்று விடை இருக்கிறது: அடிமை முறை, பொருளாதாரக் காரணங்கள், மாநில உரிமைகள். எதைச் சொன்னாலும் சரிதான். அவள் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

“என்ன செய்யறதுக்கான உரிமைப்பா?”

நான் முழித்தேன். 1850-ல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் பற்றி ஆரம்பித்தாள். ஓடி வந்தவர்களைப் பிடித்துத் தர மாட்டோம் என்று வடக்கு மாநிலங்கள் மறுத்தபோது, அதெல்லாம் முடியாது, மத்திய அரசு பிடித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நின்றது தெற்குதான். அப்போது மாநில உரிமை எங்கே போயிற்று என்கிறாள். போதாததற்கு 1861-ல் மிசிசிப்பி பிரிந்து போகும்போது எழுதிவைத்த பிரகடனத்தைப் போனில் எடுத்துக் காட்டினாள். ஆரம்பத்திலேயே, தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு பிணைந்தது என்று அவர்களே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த கேள்வி, லிங்கனின் விடுதலைப் பிரகடனம் என்ன செய்தது? “அடிமைகளை விடுவித்தது” என்றேன். தாளின்படி சரி. இவளுக்குப் பாதி சரி. கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் நான்கும் அடிமை முறை இருந்தும் லிங்கன் பக்கம் நின்ற மாநிலங்கள் என்பதால் பிரகடனம் அங்கே செல்லாது. “அதை விடு, நம்ம நியூ ஜெர்சி என்ன பண்ணுச்சு தெரியுமா?” அடிமை முறையை ஒழித்த, அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தத்தை 1865-ல் நிராகரித்துவிட்டு, அது நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த பிறகு 1866 ஜனவரியில்தான் இந்த மாநிலம் ஒப்புக்கொண்டதாம். பதிமூன்று வருஷமாக இங்கே வரி கட்டுகிறேன், ஒருவரும் சொன்னதில்லை.

100-ல் இன்று 40 முடிந்தது. இவளோடு படித்தால் மே 14-க்குள் முடியாது.

மே 8, வியாழன்

எழுத்துத் தேர்வு இந்த வருடம் மடிக்கணினியில். பென்சில் சீவும் வேலை இல்லை, சார்ஜ் ஏற்றும் வேலைதான். இரண்டு தடவை எழுந்து பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அவள் தூங்கிவிட்டாள்.

மே 9, வெள்ளி

மதியம் கூட்டிவரும் முறை என்னுடையது. பின்சீட்டில் மகள், அவள் சிநேகிதி, பக்கத்து வீட்டுப் பையன். காரில் ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கொள்குறி வினாக்களைப் பற்றி எவரிடமும், எப்போதும் பேசக்கூடாது என்பது விதி. கட்டுரைக் கேள்விகளைத் தேர்வு நடத்துகிறவர்கள் தாங்களே வெளியிட்டால் அதன் பிறகு பேசலாம். எல்லாரும் சம்மதித்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் சிக்னல் வரை விதி தாங்கியது.

“கேள்வியைச் சொல்லலை. பீரியட் மட்டும் சொல்றேன். பீரியட் ஆறு, அந்தக் கார்ட்டூன்” என்றான் பையன். (சரித்திரத்தை ஒன்பது காலகட்டமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆறு என்றால் 1865 முதல் 1898 வரை.) அவன் போட்ட விடை பி. சிநேகிதியும் பி. “அப்போ பி-தான்” என்று அவனே தீர்ப்பும் கொடுத்தான்.

கண்ணாடியில் பார்த்தேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். மடிமேல் கட்டைவிரல் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டு போயிற்று. அவள் போட்டது சி என்று எனக்குப் புரிந்துவிட்டது. கூடப் பிறந்த பழக்கம், என்னிடமிருந்து வந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவந்த ‘ஆ’, ‘ஈ’ எல்லாவற்றையும் ஒப்பிட்டவர்கள் நாங்கள். குரல் யாருக்குப் பெரிதோ அவன் விடைதான் சரியான விடை. மறுநாள் பரீட்சையை அது பாதி கெடுத்துவிடும். எங்களுக்காவது கையில் வினாத்தாள் இருந்தது. இவர்களுக்கு நினைவு மட்டும்தான், அதிலும் ஆளுக்கொரு கேள்வி மாறி நிற்கிறது.

அப்புறம் கட்டுரைக்கு வந்தார்கள். இரண்டு கட்டுரைக்கும் சேர்த்து 100 நிமிடம், நாமே பிரித்துக்கொள்ள வேண்டும். மகள் ஆவணக் கட்டுரையிலேயே 75 நிமிடத்தைக் கரைத்துவிட்டாள். இரண்டாவதற்கு 25. முடிவுரை எழுதவில்லை. இதை மட்டும் தைரியமாகச் சொன்னாள். இரண்டாவது கட்டுரையில் மூன்று கேள்வி கொடுத்து ஒன்றை எழுதச் சொல்வார்கள். மூவரும் வேறுவேறு எடுத்திருந்ததால் ஒப்பிட வழியில்லாமல் வண்டிக்குள் கொஞ்சம் சமாதானம்.

பையன் விடவில்லை. “நான் டாஸ் ஆக்ட் எழுதினேன், 1924. நல்ல எவிடன்ஸ், இல்ல?”

“ம்” என்றாள் மகள்.

இரவு தண்ணீர் குடிக்க வந்தபோது சொன்னாள். டாஸ் சட்டம் 1887-ல். பூர்வகுடிகள் பொதுவில் வைத்திருந்த நிலத்தைத் துண்டு போட்டுத் தனித்தனியாகப் பட்டா கொடுத்தது, மிச்சத்தை வெளியாட்களுக்குத் திறந்துவிட்டது. ஹென்றி டாஸ் என்ற செனட்டரின் பெயர். 1924-ல் வந்தது டாஸ் திட்டம். அது முதல் உலகப் போருக்கான ஜெர்மனியின் நஷ்டஈட்டுக் கணக்கு, அந்த டாஸ் சார்லஸ். அவன் எழுதியது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேள்விக்கு.

“அவன்கிட்ட ஏன் சொல்லலை?”

“எழுதிக் குடுத்தாச்சுப்பா. இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது? ஒரு தப்புக்கு மார்க்கைக் குறைக்க மாட்டாங்க, சரியா எழுதினதுக்குத்தான் மார்க். வருஷத்தை விட்டுட்டா மத்தது சரியா இருக்கும்.”

கார்ட்டூனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஜூலையில் 1 முதல் 5 வரை ஓர் எண் வரும். எந்தக் கேள்வி சரி, எது தப்பு என்று விவரம் வராது. பி-யா சி-யா என்பது மூவருக்கும் கடைசிவரை தெரியாது.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். அம்மாவுக்கு இவள் சுட்ட தோசையில் ஒன்று தேசப்படம் மாதிரி வந்தது. தோசைக் கரண்டியை வைத்துவிட்டு உடனே கணினிக்குப் போனாள். உத்தேச மதிப்பெண்களைப் போட்டால் மொத்தத்தைக் கணக்கிட்டுத் தரும் ஏதோ ஒரு பக்கம். கொள்குறியில் இரண்டு கூட்டினால் 5 வருகிறது, இரண்டு குறைத்தால் 4. கூட்டிக் குறைத்துக் கூட்டி முக்கால் மணி நேரம்.

மே 14, புதன்

அதிகாரி மரியாதையாகத்தான் இருந்தார். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் படிக்கச் சொன்னார், ஒன்று எழுதச் சொன்னார். அப்புறம் கேள்விகள். மூன்றாவதாக உள்நாட்டுப் போர் வந்தது. “அடிமை முறை” என்றேன். 1850, மிசிசிப்பி, நியூ ஜெர்சி எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அவர் ஏற்கெனவே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆறாவது பதிலோடு போதும் என்றார், தேறிவிட்டேன். படித்தது இவ்வளவு, கேட்டது ஆறு. லேசாக வருத்தமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் பள்ளியிலிருந்து அவளைக் கூட்டிவந்தேன். கதவைச் சாத்தும் முன்பே, “என்னென்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன?”

வரிசையாகச் சொன்னேன். எனக்கு யாரும் விதி போடவில்லை. ஆறுக்கும் விரல் மடக்கினாள்.

“மிச்சம் நாலு?”

“கேட்கவே இல்லை.”

“அநியாயம்” என்று தாளை எடுத்து அந்த நாலையும் அவளே கேட்டாள். மூன்று சொன்னேன். முதல் உலகப் போர் நடந்தபோது ஜனாதிபதி யார் என்றதற்கு ரூஸ்வெல்ட் என்றேன்.

“வில்சன்ப்பா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.