‘உலக உணவு’ வரிசையில் எங்கள் அரிசி

2004ஆம் ஆண்டு மாசி மாதத்தில், முழங்கால் அளவுக்குப் பனி கிடந்த ஒரு காலைப்பொழுதில், நானும் அம்மாவும் கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வந்து இறங்கினோம். வீதியைக் கடந்தால் பெரிய பல்பொருள் அங்காடி இருந்தது. தமிழ்க்கடைக்குப் போவதென்றால் பேருந்து எடுக்க வேண்டும். அந்தக் குளிரிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பேருந்தேறித்தான் போனார்.

பெரிய கடையில் ‘உலக உணவு’ என்று எழுதிய ஒரு வரிசை இருந்தது. உலகம் முழுவதும் அந்த ஒரு வரிசைக்குள் அடங்கிவிட்டதாக அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். எங்களுக்கென்று அங்கிருந்தவை பாசுமதி அரிசியும் மஞ்சள் நிறக் கறித்தூள் போத்தலும் மட்டுமே. மிளகாயையும் மல்லியையும் வறுத்து இடித்த தூளின் மணத்தோடு வளர்ந்த அம்மா, அந்தப் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். தமிழ்க்கடையில் சிவப்புப் பச்சையரிசியும் இடியப்ப மாவும் கறிக்கு வாசம் தரும் ரம்பை இலையும் முருங்கைக்காயும் இருந்தன. விளைமீனைக் கைகாட்டினால், குழம்புக்கா பொரியலுக்கா என்று கேட்டு, அதற்கேற்ற அளவில் துண்டுபோட்டுத் தருவார்கள். விலை சற்றுக் கூடத்தான். ஆனால் அந்தக் கேள்விக்காகவே அம்மா அங்கு போனார் என்று இப்போது நினைக்கிறேன்.

சில ஆண்டுகளில் பெரிய கடையும் எங்களைத் தேடத் தொடங்கியது. ஓர் ஐப்பசி மாதத்தில் வாசலிலேயே தீபாவளிக்கு அலங்காரம் செய்து, இந்தி எழுத்தில் வாழ்த்தும் குலாப் ஜாமூன் பெட்டிகளும் அடுக்கியிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களோ பெரும்பாலும் ஈழத்தமிழர்கள். எங்களுக்குத் தைப்பொங்கலே பெருநாள். தை பிறந்தபோது பச்சையரிசி, பயறு, சர்க்கரை, கஜு (முந்திரிப்பருப்பு) என்று எழுதிய துண்டோடு அதே கடைக்குப் போனேன். கஜு மட்டும் கிடைத்தது. ‘தென்னாசியர்’ என்ற ஒரே சொல்லுக்குள் பஞ்சாபியரையும் குஜராத்தியரையும் எங்களையும் போட்டுக் கட்டினால் நிகழ்வது இதுதான்.

2015இல் கனடாவின் பெரிய அங்காடி நிறுவனங்களுள் ஒன்றான சோபீஸ், ரொறன்ரோவுக்கு அருகிலுள்ள பிரம்டனில் ‘சலோ’ என்ற பெயரோடு ஒரு கடையைத் திறந்தது. ‘வா, போவோம்’ என்று பொருள்படும் அந்தச் சொல், பஞ்சாபி பேசுவோர் நிறைந்த அந்த நகரத்துக்கு மிகவும் பொருத்தமானது. அதே பெயர்ப்பலகையை ஸ்காபரோவின் தமிழ்த் தெருவொன்றில் மாட்டினால் எங்கள் காதுக்கு அது அயற்சொல்லாகவே ஒலிக்கும்.

இவ்விடயத்தில் நான் மதிப்பது ‘ரி அன்ட் ரி’ (T&T) அங்காடியின் கதையை. 1993இல் கனடாவின் மேற்குக்கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில், தாய்வானிலிருந்து வந்த சிண்டி லீ தொடங்கிய ஆசியக் கடை அது. 2009இல் லோப்லோ என்ற பெரிய அங்காடி நிறுவனம் அதனை 22.5 கோடி டொலருக்கு வாங்கியபோது, பெயரை மாற்றித் தன் கடைகளுள் ஒன்றாகக் கரைத்துவிடவில்லை. பெயரும் நிலைத்தது, நிர்வாகமும் சிண்டி லீயிடமே இருந்தது. 2014இல் அவருடைய மகள் ரீனா (Tina) லீ தலைமைப் பொறுப்பை ஏற்றார். எந்த மீனை உயிரோடு தொட்டியில் வைப்பது, எந்தக் கீரையை எந்த மாதத்தில் தருவிப்பது என்பதை, அவற்றை வீட்டில் சமைப்பவர்களே தீர்மானிக்கிறார்கள். விளம்பரத்தில் எங்கள் முகத்தைக் காட்டுவதைக் காட்டிலும் கொள்வனவு செய்யும் மேசையில் எங்களில் ஒருவரை அமர்த்துவதே பெரிய நிறுவனங்கள் செய்ய வேண்டியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வங்கியிலும் இதே அனுபவம்தான். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். அதன்பின் வந்த கடிதங்களெல்லாம் அப்பாவின் பெயரை விளித்தே தொடங்கின. அப்பா இறந்து அப்போது இரண்டாண்டுகூட ஆகவில்லை. தபாற்பெட்டியைத் திறப்பவர் அம்மா. மாற்றித் தரும்படி மூன்று முறை கேட்டும் படிவம் இடங்கொடாது என்றார்கள். வேறொரு வங்கியில், “உங்களை எந்தப் பெயரால் கூப்பிட வேணும்?” என்று தமிழிலேயே கேட்ட பெண் ஊழியரிடம் அன்றே கணக்கை மாற்றிக்கொண்டோம். பின்னர் வீட்டுக்கடனும் அங்கேதான் எடுத்தோம்.

2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கனடாவில் வாழ்வோரில் 23 விழுக்காட்டினர் குடிவரவாளர். தென்னாசியர் மட்டும் ஏறத்தாழ 26 இலட்சம் பேர். எண்ணிக்கையைப் பெரிய நிறுவனங்கள் நன்றாகவே அறியும். வீதிக்கு வீதி சமையல் வேறுபடுவதைத்தான் அவை இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை. தமிழ்த் தொழில்முனைவோர் இங்கேயே அரைத்துப் பொதிசெய்யும் தூள்வகைகளை ஒதுக்கிவிட்டு, அதேபோன்ற பொருளைத் தம் பெயரில் மலிவாக விற்பது கடைக்கு இலாபமாகலாம். ஆனால் அந்தத் தொழில்முனைவோரின் உறவினரும் ஊரவருமே அக்கடையின் வாடிக்கையாளர்கள்.

கடந்த தை மாதம், வீதிக்கு அப்பால் உள்ள அதே பெரிய கடையில், பல்கலைக்கழகப் படிப்பு முடித்த தமிழ்ப் பெண்ணொருவர் மளிகைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். பச்சையரிசியும் பயறும் சர்க்கரையும் ஒரே தட்டில், மார்கழி நடுப்பகுதியிலிருந்தே இருந்தன. அம்மா மூன்றையும் அங்கேயே வாங்கினார். மீனுக்கு மட்டும் சனிக்கிழமை பேருந்தேறினோம்.