கீசன்: லீபிக்கின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பகல்

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வடக்கே ரயிலில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் கீசன் வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடைதான் லீபிக் அருங்காட்சியகம். கரிம வேதியியலில், அதாவது கார்பன் சேர்மங்களின் வேதியியலில், பிரியம் உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்.

ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் லீபிக் 1803இல் டார்ம்ஸ்டாட்டில் பிறந்தவர். பாரிஸில் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக்கிடம் பயின்றார். இயற்கை அறிவியலாளர் ஹம்போல்ட்டின் பரிந்துரையில் 1824இல், 21 வயதில், இங்கே பேராசிரியராக வந்தார். ஆய்வுக்கூடமாக அவருக்குக் கிடைத்ததோ படைவீரர்களின் பழைய காவல் கட்டடம்!

நான் அதிக நேரம் நின்றது ஒரு சின்னக் கண்ணாடிக் கருவிக்கு முன்னால். முக்கோணமாக வளைத்த குழாய், அதில் ஐந்து குமிழ்கள். 1831இல் லீபிக் வெளியிட்டது. கரிமப் பொருளைக் காப்பர் ஆக்சைடோடு சேர்த்து எரிப்பார்கள். வரும் நீராவியைக் கால்சியம் குளோரைடு பிடித்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு இந்தக் குமிழ்களில் உள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரையும். முன்னும் பின்னும் எடை போட்டால் கார்பன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதற்கு முன் வாயுவின் கன அளவை அளந்து தடுமாறிய வேலை இது. பெரிய மேதைகளுக்கே கைவந்ததை மாணவர்களும் செய்யும்படி ஆக்கினாரே, லீபிக்கின் ஆகப் பெரிய சாதனை என்று இதைத்தான் சொல்வேன். அமெரிக்க வேதியியல் கழகத்தின் சின்னத்தில் இன்றும் இந்தக் குமிழ்கள் இருக்கின்றன.

அப்புறம், 1839இல் விரிவாக்கிய பகுத்தாய்வுக் கூடம். நச்சுப்புகையை வெளியேற்றும் அடைப்புகள், சுற்றிலும் மேசைகள். பின்னாளில் பெயர்பெற்ற வேதியியலாளர்களான கெகுலேயும் ஹோஃப்மனும் இந்த ஊரில் லீபிக்கிடம் படித்தவர்கள். ஹோஃப்மன் பிறகு லண்டன் போனார். அவருடைய மாணவர் பெர்க்கின்தான் 1856இல் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தவர்.

என்னை நெகிழவைத்தது இன்னொரு ஜெர்மன் வேதியியலாளரான வோலருடன் லீபிக்குக்கு இருந்த நட்பு. இருவரும் ஆராய்ந்த இரண்டு வெள்ளிச் சேர்மங்களுக்கு ஒரே இயைபு, அதாவது ஒரே தனிமங்கள் ஒரே அளவில்; ஆனால் குணம் வேறு. சண்டையாக முடிந்திருக்கலாம், நண்பர்களானார்கள். 1832இல் வோலரின் மனைவி இறந்தபோது, துக்கத்தில் தனியே கிடக்க வேண்டாம் என்று லீபிக் அவரைக் கீசனுக்கு அழைத்துக்கொண்டார். கசப்பு வாதுமை எண்ணெயை வைத்து இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். பல வினைகளிலும் மாறாமல் நிற்கும் பென்சாயில் என்ற அணுத்தொகுதி அப்படித்தான் தெரியவந்தது.

1852இல் லீபிக் மியூனிக் போய்விட்டார். 1873இல் இறந்ததும் அங்கேதான். கல்லறை அந்த ஊரின் பழைய தெற்கு இடுகாட்டில் இருக்கிறது. அங்கும் ஒருமுறை போக வேண்டும்.