சப்பைத் தண்ணிக்கு ஒரு புரோகிராம்

"ஏனுங்ணா, போர் எத்தனை அடின்னு இது எதுக்குக் கேக்குது?"

பெருந்துறை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி இன்று திரையைக் காட்டிக் கேட்டான்.

சாயக்கழிவு நீரை வற்றவைக்கும் எவாப்பரேட்டரை டிசைன் செய்ய, எங்கள் சீனியர் அண்ணன் விசுவல் பேசிக்கில் எழுதிய புரோகிராம் அது. பட்டன்கள் கோணல்மாணல். ஆனால் முதல் கேள்வியே தண்ணியைப் பற்றி. சப்பைத் தண்ணியில், அதாவது உப்பேறிய போர்த் தண்ணியில், சாயம் போட்டால் கால்சியமும் சிலிக்காவும் கழிவோடு வந்துவிடும்.

சுத்தமான தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சோடியம் குளோரைடு இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைந்திருந்தால் 108-ஐத் தாண்டும். சோடியம் சல்பேட்டுக்குக் குசும்பு அதிகம். 32 டிகிரிக்கு மேல் சூடேற ஏறக் கரைவது குறையும். அதனால் சூடான குழாய்ச் சுவரில்தான் போய் ஒட்டும்.

ஆஸ்பென் பிளஸ் என்ற ஆலை டிசைன் மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. உப்புக் கரைசலுக்கென்றே அதில் மாடல் இருக்கிறது. ஆனால் 'தண்ணீர், உப்பு' என்று மட்டும் கொடுத்தால் அதற்குத்தான் கணக்குப் போடும். நம்ம ஊர்த் தண்ணியை அதற்கு யார் சொல்வது?

சரி, சொந்தப் புரோகிராம் என்றால் எல்லாம் சுபமா? அதுவும் இல்லை.

அண்ணன் எழுதிய புரோகிராமின் உள்ளே திறந்து பார்த்தோம். வெப்பம் கடத்தும் கெழுவை, அதாவது குழாய்ச் சுவர் வழியே வெப்பம் எவ்வளவு எளிதாகப் போகும் என்ற எண்ணை, 0.65-ஆல் பெருக்கும் ஒரு வரி. ஏன் 0.65? பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. எந்த ஆலையில் அளந்தாரோ, அவருக்கே வெளிச்சம்!

அண்ணன் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். நாளையிலிருந்து தம்பிக்கு அவர் பக்கத்து நாற்காலி. ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் எழுதி வாங்க வேண்டும்.