ஆறு இன்ஜெக்டர், ஐந்து வாஷர்

டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை நான் தனியாக மாற்றிய முதல் லாரி மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. இன்ஜினை ஓடவிட்டால், சிலிண்டர்களின் மேல்பக்கத்தை அடைத்திருக்கும் ஹெட் பக்கத்திலிருந்து ‘ட்சு, ட்சு’ என்று சீரான ஓசை. அதைக் கேட்டதுமே மூத்த மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அந்த ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஐந்து இன்ஜெக்டர்கள் சமர்த்தாக வெளியே வந்தன. நான்காவது அசைந்து கொடுக்கவில்லை. கிளாம்பைக் கழற்றியாயிற்று. ஹெட்டின் பக்கவாட்டில் நுழைந்து இன்ஜெக்டரோடு பொருந்தும் உயரழுத்தக் குழாயையும் உருவியாயிற்று. (அதை மறந்துவிட்டு இழுத்தால் இரண்டும் பாழ்.) எரிந்த வாயு கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றிக் கரி இறுகிப்போயிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் ஸ்லைடு ஹாமரை மாட்டிச் சிறு சிறு அடிகளாக இழுத்தேன். மதியத்துக்குமேல் ‘டப்’பென்று கையோடு வந்தது. வந்த மகிழ்ச்சியில் அது இருந்த குழிக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அடியில் வாயு கசியாமல் அடைக்கும் புது செம்பு வாஷரோடு புது இன்ஜெக்டரை இறக்கி, டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். அளவை மீறி முறுக்கினால் இன்ஜெக்டரின் உடல் நெளிந்து உள்ளே ஊசி சிக்கிக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்கு அப்போதே மனப்பாடம்.

லாரி திரும்பி வந்த அன்று மூத்தவர் கருவி எதையும் எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, ஆறு இன்ஜெக்டர் கழற்றினாய். எத்தனை பழைய வாஷர் எடுத்தாய்?”

நான் எண்ணவே இல்லை.

நான்காவதை மறுபடி கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். குழியின் அடியில் பழைய வாஷர் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. கறுத்துப்போயிருந்ததால் ஹெட்டின் உலோகம் என்றே கண் ஏமாந்துவிடும். அதன் மேல் நான் இன்னொரு வாஷரை வைத்திருக்கிறேன். கரி படிந்த மேட்டில் புதுச் செம்பு எப்படிப் படியும்? வாயு கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. இன்ஜெக்டரும் ஒரு வாஷர் கனத்துக்கு மேலே தூக்கி நின்றதால், டீசல் பீய்ச்ச வேண்டிய இடம் மாறியிருந்தது. எரிப்பு கெட்டு, புகையும் கூடியிருந்தது.

வாஷரைப் பெயர்த்து எடுத்தபின் குழியைத் துடைக்கும் வேலையை அவரே செய்து காட்டினார். இன்ஜெக்டரின் நுனியான நாசில் நுழையும் துளையை முதலில் அடைத்துக்கொண்டார், கரி சிலிண்டருக்குள் விழக் கூடாதல்லவா. பிரஷ்ஷில் கிரீஸ் தடவிச் சுழற்றினால் தூள் பறக்காமல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கடைசியில் வெறும் பளபளக்கும் வட்டம் தெரியும்வரை விடவில்லை. நான் அதுவரை இன்ஜெக்டரைத்தான் வேலை என்று நினைத்திருந்தேன். அவருக்கு அந்தக் குழிதான் வேலை.

தூசி விஷயத்தில் அவர் கொஞ்சம் கெடுபிடிதான். கழற்றிய ஒவ்வொரு குழாய் முனைக்கும் உடனே மூடி போட வேண்டும். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் நாசில் துளையின் விட்டம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதன் வழியே 2,000 பார் அளவு அழுத்தத்தில் டீசல் பாய்கிறது. அவர் திட்டியது நியாயம். கசிவைக் கையால் தடவித் தேடாதே, அட்டைத்துண்டைப் பிடித்துப் பார் என்பதும் அதனால்தான். அந்த அழுத்தம் தோலைத் துளைத்துவிடும்.

இன்ஜெக்டரின் தலையில் உள்ள, அதற்கே உரிய குறியீட்டை இன்ஜினின் மேல்மூடியை மாட்டுமுன்பே எழுதிக்கொண்டு இன்ஜினின் கணினியில் ஏற்றினோம். பிறகு இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றினார். இன்ஜெக்டரை உருவும்போது ஹெட்டில் மிச்சமிருந்த டீசல் பிஸ்டன்மேல் இறங்கியிருக்கலாம். திரவம் அமுங்காது; அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும்.

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் நெடுநேரம் வெறுமனே சுற்றியது. குழாய்களில் காற்று போய் அழுத்தம் ஏறும்வரை அப்படித்தான். பிறகு இருமியது, தடுமாறியது, பிடித்துக்கொண்டது. ‘ட்சு’ ஓசை இல்லை.

ஓட்டுநர் என்ன கோளாறு என்று கேட்டார். “வாஷர்” என்றேன். யார் விட்டுவைத்த வாஷர் என்று சொல்லவில்லை. மூத்தவரும் சொல்லவில்லை, கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.